அத்தா பார்த்த பக்கம்

முசல்லா சமையலறைப் பக்கம் திரும்பிக் கிடந்தது.

டேலி கணக்குக் கிளாஸ் முடிந்து வில்லியனூர் கடைத்தெருவிலிருந்து நடந்து வந்த ஆசிபா, ஒரு காலில் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டாள். பள்ளிவாசல் வளைவு நெய்த அந்தச் சிவப்புத் தொழுகை விரிப்பு, அவளுக்குத் தெரிந்த நாளிலிருந்து மேற்குச் சுவரைப் பார்த்துத்தான் விரிந்திருக்கிறது. சுவரில் காபா படம் போட்ட காலண்டர். அதற்கு நேர்கீழே, வருடக்கணக்காக விரித்த இடத்தில் சிமென்ட் தரை நிறம் மாறி நீளமாக ஒரு தடம். இன்று முசல்லா அந்தத் தடத்தைக் குறுக்கே வெட்டிக் கிடந்தது. வளைவின் கூர்நுனி தெற்கே, பின்வாசல் கதவைக் காட்டியது. கதவுக்கு அப்பால் பக்கத்து வீட்டு சுப்பராயலுவின் கரும்புக் கொல்லை.

யார் காலோ பட்டு நகர்ந்திருக்கும் என்று நினைத்தாள். குனிந்து ஓரங்களைப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை. கையால் நீவி, பார்த்துப் பார்த்து விரித்திருந்தது.

"அத்தா, சாயங்காலத் தொழுகை இப்டித் திரும்பியா தொழுதீங்க?"

நாற்காலியில் காலண்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவள் தகப்பனார் கௌஸ் பாஷா மெல்லத் தலையைத் திருப்பினார். அவள் முகத்தில் எதையோ தேடினார். கிடைக்கவில்லை.

"நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?"

பெயரைச் சொன்னாலும் அடுத்த தொழுகைக்குள் மறந்துவிடும். முசல்லாவை எடுத்துத் தடத்தின்மேல் சரியாக விரித்தாள். சந்தேகம் தீரவில்லை, செல்போனில் தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் செயலியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முள் காலண்டரைத்தான் காட்டியது. தன் கண்ணைவிட இன்னொன்றை நம்புவது அவளுக்குப் பழக்கம்.

திசை என்றால் இந்தப் பக்கத்தில் கௌஸ் பாஷாதான். டி.வி.எஸ்.ஸின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடமும் வாளியும் கட்டிக்கொண்டு பாகூர், கிருமாம்பாக்கம், பண்டசோழநல்லூர் என்று ஊர் ஊராக விற்றவர். ஒரே சாலையில் புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும் அந்த வழிகளில், எந்தப் புளியமரத்தோடு எது முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எந்த ஊரிலும் யாரிடமும் மேற்கு எது என்று கேட்டுத் தொழுததில்லை. போன வருடம் அதே மனிதர் தன் தெருமுனையில் வண்டியோடு நின்று அழுதார். ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் மூளை ஸ்கேன் படத்தை விளக்கில் காட்டிச் சொன்னார்: "ஞாபகமும், வழி கண்டுபிடிக்கறதும் மூளைக்குள்ள பக்கத்துப் பக்கத்துல இருக்கும்மா. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் போகும். அங்கதான் இவருக்குப் பிரச்சினை."

அன்று இரவுத் தொழுகைக்கு அவர் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தார். விரித்திருந்த முசல்லாவைப் பார்த்தார். குனிந்து அதன் ஒரு முனையைப் பிடித்து, நிதானமாக, தெற்கே திருப்பினார்.

தடுக்கப் போன ஆசிபா, அவர் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். கூன் விழுந்த முதுகு நிமிர்ந்திருந்தது. மாதக்கணக்காக வாய்க்குள் சிக்கிச் சிதறிய ஓதல், ஓர் எழுத்து பிசகாமல் வந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபின்னும் அவர் பின்கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஆசிபா, பாப்பா தூங்கிட்சா?" என்றார்.

அவள் அடுப்படியில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து பல மாதம் ஆகியிருந்தது.

"உங்கம்மா உனக்கு இந்தப் பேரு வெச்சது எங்க தெரியுமா? கடலூரு ஆஸ்பத்திரி வராண்டாவுல. வெளிய மழ ஊத்துது. என் துண்டக் கேட்டு வாங்கி உன்னச் சுத்திக்கினு, 'ஆசிபா'ன்னு காதுல சொன்னா நூருன்னிசா. நான் வேற பேரு யோசிச்சி வெச்சிருந்தேன். வாயத் தொறக்கல."

அவர் சிரித்தார். ஆசிபாவுக்கு அம்மாவின் முகம் தெரியாது. நடக்கப் பழகுவதற்குள் நூருன்னிசா போய்விட்டாள். போட்டோ எடுக்கும் வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. அம்மா மிச்சமிருந்த ஒரே இடம் அத்தாவின் தலைக்குள்தான். அந்த இடமும் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுவந்ததை ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தா எழுந்து நாற்காலிக்குத் திரும்பினார். முகம் மேற்கே வந்ததும் கண்ணில் இருந்தது அணைந்தது.

"நீ யாரும்மா?"

மறுநாள் மாலை ஆசிபா கிளாசுக்குப் போகவில்லை. நாற்காலியைத் தெற்கே திருப்பிப் போட்டாள்.

கணவன் மன்சூர் ஷார்ஜாவிலிருந்து போனில் பேசும்போது அத்தா திசை மாறித் தொழுவதைச் சொன்னாள். "நோயாளிக்கு எந்தப் பக்கமா இருந்தா இன்னா, அல்லா ஏத்துக்குவான். நீ போட்டுக் கொழப்பிக்காத" என்றான். அவளும் தொழுகையைப் பற்றிக் குழம்பவில்லை. அவளைக் குழப்பியது வேறு. ஒவ்வொரு மாலையும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. நேற்று அவருக்கு எல்லாம் நினைவு வந்த நேர்கோட்டில் இன்று பாதிதான் வந்தது. கிழக்கே சற்று நகர்த்தினால் மீண்டும் தெளிந்தார். சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவைத்தாள். தெற்கே ஒரு கோடு. அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொன்று. அதற்கடுத்தது சற்றுத் தள்ளி.

பக்கத்து வீட்டு செல்வகுமாரி ஆடுகளுக்குக் கஞ்சித்தண்ணி வாங்க வந்தவள் தரையைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, பாண்டி ஆட்றதுக்கா? பாப்பாவ இட்டுனு நீயும் ஆட்றியா?"

"அத்தாவுக்கு நாற்காலி போடக்கா."

"உங்கத்தா தேவல. எங்க வூட்டுக்காரரு நேத்து சொந்தக் கரும்புக் கொல்லையில வழி தெரியாம நின்னுக்கினு இருந்தாரு. நான் போய் கையப் புட்சி இட்டுனு வந்தேன். வரப்புல நின்னுக்கினு 'நீ யாரு'ன்றாரு என்னப் பாத்து! குட்ச்சிட்டுத்தான் பேசுறாருன்னு நாலு வாங்கு வாங்கினேன்." அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "கிட்டப் போய் மோந்து பாத்தா சாராய வாடையே இல்லடி. அந்துருண்ட வாசன. கொல்லையில ஏதுடி அந்துருண்ட?"

அந்துருண்டை. ஆசிபாவும் அதை முகர்ந்திருந்தாள். பீரோவில் பூட்டிவைத்த பழைய புடவையை உதறினால் வருகிற வாசம், இரண்டு மூன்று மாலையாகப் பின்கதவின் இடுக்கில் வந்துகொண்டிருந்தது.

அன்று அத்தா முசல்லாவில் நின்றபடி திரும்பி, "நீயும் வாம்மா, ஆசிபா. சேந்து தொழுவோம்" என்றார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் தன் விரிப்பை எடுத்து வந்தாள். அவருக்கு ஒரு முழம் பின்னால், கிப்லாவை நோக்கி விரிக்கத்தான் குனிந்தாள். அவர் ஒருபக்கமும் தான் ஒருபக்கமுமாக நின்றால் அவர் குழம்புவாரே, மனம் நோகுமே என்று ஒரு கணம் தோன்றியது. இன்று ஒருநாள், என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அவர் பார்த்த பக்கமே விரித்து நின்றாள்.

கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினாள்.

மருதாணி வாசம் வந்தது. ஈரத்துண்டின் கதகதப்பு. மேலே ஓட்டில் மழை. ஒரு பெண்ணின் கழுத்து, வியர்வை, அதில் ஒட்டிய ஒரு முடி, மூக்குத்தியில் பச்சைக்கல். அந்த முகம் குனிந்து அவளைப் பார்த்தது. அவளுக்கு அதன் ஒவ்வொரு வரியும் தெரிந்தது.

நெற்றியைத் தரையில் பதித்த ஸஜ்தாவிலிருந்து எழ மனமில்லாமல் எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று தெரியவில்லை. எழுந்தபோது முன்நெற்றி குளிர்ந்திருந்தது, யாரோ ஈரக் கையை வைத்து எடுத்ததுபோல.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் அவளுக்கும் அந்தப் பக்கம் வேண்டியிருந்தது.

மகள் ஃபர்ஹீனும் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு தாத்தாவின் காலடிக்கு வந்தாள். "அம்மா, இந்தப் பக்கம் பாத்துப் படிச்சா மறக்கவே மாட்டேங்குது" என்று பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். இரண்டாம் வகுப்புக் குழந்தை. பள்ளியில் இன்னும் ஐந்தாம் வாய்ப்பாடே வரவில்லை.

மீண்டும் கிளாசுக்குப் போன நாளன்று ஆசிபா திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் நின்றாள். எந்தப் பக்கம் வீடு? மாதா கோயில் சிலுவை தெரிந்தது, பெரிய கோயில் கோபுரம் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே தன் தெரு எங்கே என்று மட்டும் தெரியவில்லை. மன்சூரைக் கூப்பிடப் போனை எடுத்தாள். திரையில் மீசை வைத்த ஒருவன் படம் சிரித்தது. யார் இவன் என்று ஒரு நொடி நினைத்தாள். பிறகு எதையும் யோசிக்காமல் கால் தானாக ஒரு பக்கம் திரும்பியது. திரும்பியதுமே கணவன் பெயர், தெருப் பெயர், வீட்டுச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்பதுகூட, எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன.

தான் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து தரையில் குனிந்தாள். தெற்கே நெருங்கி நெருங்கிக் கிடந்த கோடுகள், தென்கிழக்கில் விரல் அகலம் விலகின. கிழக்கே போகப் போகச் சாண் சாணாகத் தள்ளி விழுந்திருந்தன. பஸ் ஜன்னலில் உட்கார்ந்தால் தொலைவில் நிற்கும் பனைமரம் மெதுவாகத்தான் நகரும். ரோட்டோரக் கம்பம்தான் கண்ணை இமைப்பதற்குள் ஓடும்.

அத்தா திசை மறக்கவில்லை. இத்தனை நாளும் ஒன்றைச் சரியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது வீட்டைச் சுற்றி வருகிறது. முதலில் தொலைவில் இருந்தது.

இப்போது தொலைவில் இல்லை.

அவள் பின்கதவைத் தாழிட்டாள். முன்கதவைத் தாழிட்டாள். சாக்பீஸ் கோடுகளை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். முசல்லாவைத் தன் தடத்தில், காலண்டருக்கு நேராக விரித்தாள். அத்தாவின் நாற்காலியை மேற்கே திருப்பி, அவர் இரண்டு தோளையும் பிடித்து உட்கார வைத்தாள். எதை இழக்கிறோம் என்று தெரிந்துதான் செய்தாள்.

அவர் முகம் வெறுமையானது. "யாரும்மா நீ? எங்க வூட்டுக்கு என்ன இட்டுனு போ."

"இதான் அத்தா நம்ம வூடு. இப்டியே பாருங்க. படத்தப் பாருங்க."

ஃபர்ஹீனை இழுத்து மடியில் வைத்து, அவள் முகத்தையும் மேற்கே பிடித்துக்கொண்டாள். மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் கம்பிகளில் சிவந்து, சாம்பலாகி, போனது. மக்ரிப் பாங்கு சொல்லி முடித்த கையோடு கரண்ட் போயிற்று. தெருவில் யாரோ மின்சார ஆபீசைத் திட்டினார்கள். அதுவும் அடங்கியது.

எமர்ஜென்சி விளக்கை ஏற்றினாள்.

பின்னால் கொல்லையில் சில்வண்டுகள் இரைந்தன. வாய்க்காலில் தவளைகள். அந்த இரைச்சலில் ஓர் ஓட்டை விழுந்தது. தெற்கு மூலையில், ஓர் ஆள் அகலத்துக்கு, சத்தமே இல்லாத ஓர் இடம். அது நகர்ந்தது. அது வந்த இடத்தில் சில்வண்டு நின்றது. அது போன இடத்தில் மீண்டும் இரைந்தது.

"அம்மா, அந்துருண்ட வாசன அடிக்குது."

"பேசாத. அம்மாவப் புட்ச்சிக்க."

அத்தாவின் தலை திரும்ப ஆரம்பித்தது.

உடம்பு அசையவில்லை. தலை மட்டும். மேற்கிலிருந்து தெற்கே, தெற்கிலிருந்து கிழக்கே. அவள் எழுந்து அவர் கன்னத்தைப் பிடித்து மேற்கே திருப்பினாள். தோல் கைக்குள் வழுக்கிக்கொண்டு மீண்டும் திரும்பியது. பலம் எதுவும் போடவில்லை அவர். காற்றுக்குத் திரும்பும் கதவுபோல அது பாட்டுக்குத் திரும்பியது.

ரயில் ஊதியது. வடக்கே ஊத வேண்டியது. சமையலறைப் பக்கமிருந்து ஊதியது.

தெருவில் ஆடுகள் ஒரு தடவை கத்தின. நின்றுவிட்டன.

தலை கிழக்குக்கு வந்தது. முன்கதவு. அங்கே நின்றது.

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு அசையவில்லை. விளக்குகூட அசையவில்லை.

அத்தாவின் பார்வை கதவிலிருந்து இறங்கியது. நடையில். பிறகு கூடத்துத் தரையில். மெதுவாக, ஒருவர் நடந்து வருவதைப் பார்ப்பதுபோல. முசல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்தது. அருகே வந்தது.

நின்றது.

"ஆசிபா" என்றார்.

அவளைத்தான் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

அவள் குழந்தையின் கையை விட்டுவிட்டு இடதுபக்கம் நகர்ந்தாள். அவர் முகமும் நகர்ந்தது. பின்னால் இருக்கிறது. பின்னால்தான். அவள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். பார்வை அவள்மேல். எதிர்ச் சுவருக்கு ஓடினாள். முதுகை அழுத்தினாள். பார்வை அவள்மேல். பின்னால் இல்லை. முன்னால் இல்லை. காலண்டரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினால் எல்லாம் ஞாபகம் வருமோ அந்தப் பக்கத்தைத் தேடிச் சுற்றினாள். சுற்றச் சுற்ற ஒவ்வொன்றாக உதிர்ந்தது. மீசை வைத்த முகம். தெருப் பெயர். பச்சைக்கல் மூக்குத்தி. மழை.

அந்துருண்டை வாசம் அவள் மூச்சிலிருந்து வந்தது.

"அம்மா" என்றாள் ஒரு சிறுமி.

நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டே சிரித்தார். "எல்லாம் வந்துட்சிம்மா. ஒண்ணு பாக்கியில்ல. நூருன்னிசா பாட்ற தாலாட்டு கூட வந்துட்சி. பாடட்டா?"

யார் நூருன்னிசா?

ஜன்னலில் டார்ச் வெளிச்சம் அடித்தது. கம்பிக்கு அப்பால் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் நின்றார்கள். அந்த ஆள் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "செல்வகுமாரி, நீ செல்வகுமாரி" என்று சொல்லிச் சொல்லி விம்மினார். அவர் பார்வை அந்தப் பெண்மேல் இல்லை. அவர்களுக்குக் கீழே ஆடுகளின் கண்கள், ஜோடி ஜோடியாக, அசையாமல் மின்னின.

எல்லோரும் இவளைத்தான் பார்த்தார்கள். எல்லோர் முகத்திலும் சந்தோஷம்.

"நீங்கல்லாம் யாரு?" என்றாள்.

கிழவர் தாலாட்டை மெல்ல ஆரம்பித்தார். சிறுமி எழுந்து நின்று, பூரித்த முகத்தோடு, "நீயும் பாரும்மா" என்றாள்.

"எங்க?"

சிறுமி கையை நீட்டி விரலால் காட்டினாள்.

அவள் ஓரடி விலகி நின்றாள். விரலும் விலகி வந்தது. இன்னும் ஓரடி. விரல் நேராக அவள் நெஞ்சில் வந்து நின்றது.